மூணாவது மாத்திரையிலேயே உடம்பு சொல்லிடுச்சு: மலேரியா மாத்திரையால நரம்புக்கு வர்ற பாதிப்பு

கடிதம் எழுதினவரோட பேரு, வேலை செஞ்ச நாடு, கம்பெனி எல்லாத்தையும் எடுத்துட்டேன். அவர் சொன்னதோட சுருக்கம் இதுதான்.

வயசு 36. மலேரியா அதிகமா இருக்கற ஒரு நாட்டுக்கு ப்ராஜெக்ட் வேலையா போயிருக்கார். கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே மெஃப்ளோகுயின்ங்கற மலேரியா தடுப்பு மருந்து 250 மில்லிகிராம், வாரம் ஒரு மாத்திரைன்னு ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி டிப்ரெஷனுக்கு மருந்து சாப்பிட்டவர் இவர், ஆனா மாத்திரை எழுதும்போது அதைப் பத்தி யாரும் கேக்கல. முதல் மாத்திரையிலேயே நிஜம் மாதிரி கனவுகள். மூணாவது மாத்திரை போட்டது அங்க போய் இறங்கின அன்னைக்கு, அன்னைக்கு ராத்திரியே காரணம் இல்லாத பயம், படபடப்பு, ரூம்ல யாரோ நிக்கற மாதிரி உணர்வு. கேம்ப் நர்ஸ் கிட்ட சொன்னா "புது இடம், டென்ஷன், போகப்போக சரியாயிடும்"னு சொல்லிட்டாங்க. அதை நம்பி அஞ்சு மாசம் விடாம சாப்பிட்டிருக்கார். நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு, ஆனா தலை சுத்தல், காதுல ஓயாத ரீங்காரம், தலைக்கு குளிக்கும்போது கண்ணை மூடினா அப்படியே சாயறது, தூக்கம் இல்லாதது எல்லாம் இன்னும் இருக்கு. எம்ஆர்ஐ நார்மல். வீட்டுல "எல்லாம் உன் மனசுதான்"னு சொல்றாங்க. சில ராத்திரி வாழவே வேண்டாம்னு தோணுதுன்னும் ஒரு வரி எழுதியிருக்கார்.

அவரோட கேள்விகள்: மூளை செல் செத்துப்போச்சா? மருந்தை உடம்புல இருந்து வெளியேத்த டீடாக்ஸ் எடுக்கலாமா? நாலு மாசத்துல திரும்ப அங்க போகணும், இந்த தடவை எந்த மாத்திரையும் இல்லாம போயிடட்டுமா? அம்மா மூட்டு வாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடறாங்க, அதுவும் மலேரியா மாத்திரைதானாமே, நிறுத்தச் சொல்லட்டுமா? கம்பெனி மேல கேஸ் போடலாமா?

தம்பி, உங்க கடிதத்துல கடைசிக்கு முந்தின வரியைத்தான் நான் முதல்ல எடுக்கறேன். வாழவே வேண்டாம்னு தோணுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதை இன்னைக்கே வீட்டுல ஒருத்தர் கிட்ட வாய்விட்டு சொல்லுங்க, மனநல டாக்டர் கிட்ட இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. அந்த எண்ணம் ஒரு திட்டமா மாறற மாதிரி தெரிஞ்சா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்கு போங்க, தனியா இருக்காதீங்க. இது உங்க பலவீனம்னு நினைச்சு மறைக்கவும் வேண்டாம், தற்கொலை எண்ணம் இந்த மருந்தோட எச்சரிக்கையிலேயே எழுதியிருக்கற விஷயம். மத்த கேள்விக்கெல்லாம் பதில் இருக்கு, ஆனா அதெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

சரி, இப்ப உங்களுக்கு நடந்ததுக்கு வர்றேன். நீங்க சொல்ற ஒவ்வொண்ணும் இந்த மாத்திரையோட சேர்த்து மருத்துவம் ஏற்கெனவே பார்த்து, பதிவு பண்ணி வெச்ச விஷயம்தான். மெஃப்ளோகுயின், லேரியம்ங்கற பேர்ல நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும், வியட்நாம் போர் காலத்துல குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியாவுல வீரர்கள் விழுந்ததால அமெரிக்க ராணுவத்தோட வால்டர் ரீட் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கின மருந்து, 1989ல அங்க அனுமதி கிடைச்சுது. வாரம் ஒரு மாத்திரை போதும்ங்கறதால உலகம் முழுக்க பரவுச்சு. அப்புறம் வருஷக்கணக்கா புகார் வந்து சேர்ந்து, 2013 ஜூலைல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தன்கிட்ட இருக்கறதுலயே கடுமையான கட்டம் கட்டின எச்சரிக்கையை இதுக்கு போட்டுச்சு. தலை சுத்தல், பேலன்ஸ் போறது, காது இரைச்சல் இதெல்லாம் மருந்தை நிறுத்தின பிறகும் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா நீடிக்கலாம், சிலருக்கு நிரந்தரமாவும் ஆகலாம்னு அதுல இருக்கு. உங்க மூணு தொந்தரவும் அந்த ஒரே வரியில இருக்கு பாருங்க. 2016ல பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தோட பாதுகாப்புக் குழு, வேற வழியே இல்லாதப்பதான் வீரர்களுக்கு இதை கொடுக்கணும்னு சொல்லுச்சு. வீட்டுல "மனசுதான்"னு சொல்றவங்களுக்கு இதை அப்படியே படிச்சு காட்டுங்க.

நரம்பு செல்லுக்குள்ள என்ன நடக்குது

இது கொழுப்புல நல்லா கரையற மருந்து. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கற தடுப்பை சுலபமா தாண்டி உள்ள போய், ரத்தத்துல இருக்கற அளவை விட மூளைத் திசுவுல பல மடங்கு சேரும். வாரம் ஒரு தடவை போட்டா போதும்ங்கற வசதியே இது உடம்பை விட்டு லேசுல போகாததாலதான் வந்துது. ஒரு டோஸ்ல பாதி வெளியேறவே சராசரியா மூணு வாரம் ஆகும், அதுக்குள்ள அடுத்தது, அதுக்கடுத்தது வந்து மேல மேல சேரும். "வாரம் ஒண்ணுதானே, சின்ன டோஸ்தானே"ன்னு எழுதியிருக்கீங்க, அந்தக் கணக்கு இந்த மருந்துக்கு பொருந்தாது.

உள்ள போன பிறகு அது கை வெக்கற இடங்கள்ல ரெண்டை சொல்றேன். நரம்பு செல்லுங்க ரசாயனம் அனுப்பி பேசிக்கறது எல்லாருக்கும் தெரியும், ஆனா சில செல்லுங்க பக்கத்துப் பக்கத்துல ஒட்டி நின்னு ஒரு குட்டிக் குழாய் வழியா மின்சாரத்தை நேரா கடத்தியும் பேசிக்கும். அந்தக் குழாயை கட்டற புரதம் கனெக்சின் 36. மெஃப்ளோகுயின் ரொம்ப குறைஞ்ச அளவுலேயே இந்தக் குழாயை அடைச்சிடுதுன்னு 2004லேயே ஆய்வகத்துல காட்டிட்டாங்க. இந்தக் குழாய் எங்கெல்லாம் அதிகம்னு பார்த்தா விஷயம் புரியும்: மூளையில மத்த செல்லுங்களை அடக்கி வெக்கற காபா செல்லுங்க நடுவுல, அப்புறம் உடம்போட அசைவுக்கு தாளம் போட்டுக் கொடுக்கற மூளைத்தண்டுப் பகுதியில. அடக்கி வெக்கற செல்லுங்க ஒருத்தரோட ஒருத்தர் சேர்ந்து இயங்க முடியாம போனா பயம், கனவு, தூக்கம் சம்பந்தப்பட்ட பகுதிங்க தறிகெட்டு ஓடலாம். உங்க ரூம்ல "யாரோ நின்னது" அப்படி வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

ரெண்டாவது கால்சியம். ஒவ்வொரு நரம்பு செல்லுக்குள்ளயும் கால்சியத்தை பூட்டி வெக்கற ஒரு கிடங்கு உண்டு. எலி நரம்பு செல்லை வளர்த்து அதுல மெஃப்ளோகுயினை விட்டப்ப அந்தக் கிடங்குல இருந்து கால்சியம் கசிஞ்சு செல் முழுக்க பரவுச்சு. அளவு மீறின கால்சியம் செல்லுக்கு விஷம் மாதிரி, செல்லோட சொந்த என்சைம்களே அதை அரிக்க ஆரம்பிச்சிடும். இன்னொரு ஆய்வுல ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது ஆக்சிஜன்ல இருந்து வர்ற கழிவு செல்லை அரிக்கறது, கூடி, மத்த செல்லோட தொடர்பு வெக்கற முள்ளு மாதிரி நீட்சிங்க குறைஞ்சு போனதை பார்த்தாங்க. பெரிய டோஸ் கொடுத்த எலிங்கள்ல மூளைத்தண்டுல கிரேசைல் அப்படிங்கற ஒரு கூட்டத்து செல்லுங்களே சேதமாச்சு. கால் எங்க இருக்கு, பாதம் எப்படி ஊன்றியிருக்குங்கற சேதியை மூளைக்கு மேல அனுப்பறது அந்தக் கூட்டம்தான். கண்ணைத் திறந்து இருக்கறப்ப இந்த சேதி குறைஞ்சாலும் பார்வை ஈடு கட்டிடும். சோப்பு நுரைக்காக கண்ணை மூடின உடனே ஈடு கட்ட ஆளில்லாம சாயறீங்க. அதை படிச்சப்பதான் நான் கடிதத்தை ரெண்டாவது தடவை முதல்ல இருந்து வாசிச்சேன்.

ஆனா ஒரு நிமிஷம், இங்கதான் நிதானம் வேணும். இதெல்லாம் எலியிலயும் கண்ணாடித் தட்டுலயும் பார்த்தது. மனுஷ மூளையில இதே இடத்துல இதே சேதம் ஆச்சுன்னு யாரும் உறுதியா நிரூபிக்கல. 2020ல அமெரிக்காவோட தேசிய அகாடமிகள் எல்லா ஆய்வையும் ஒண்ணா வெச்சு பார்த்துட்டு, நீண்டகால பாதிப்பு உண்டுன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல, ஆதாரம் போதாதுன்னுதான் எழுதினாங்க. அதனால "என் மூளை செல் செத்துப்போச்சு"ன்னு நீங்களே தீர்ப்பு எழுதிக்காதீங்க. செல் சாகாம சுற்று மட்டும் குழம்பிப் போயிருந்தாலும் இதே தொந்தரவுங்க வரும், சில செல் போயிருந்தாலும் மிச்சம் இருக்கறது அந்த வேலையை கத்துக்க முடியும்.

எம்ஆர்ஐ விஷயமும் இதோட சேர்ந்ததுதான். எலியிலேயே அந்த சேதத்தை பார்க்க மூளையை மெல்லிசா சீவி வெள்ளிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல தேட வேண்டியிருந்துது. ஆஸ்பத்திரி எம்ஆர்ஐல அந்த அளவு தெரியாது. கட்டி இல்ல, பக்கவாதம் இல்ல, ரத்தக்கசிவு இல்லன்னு அது சொல்லுது, அதுக்கு அது உபயோகமான டெஸ்ட், நல்ல சேதியும் கூட. உங்க தலை சுத்தல் பொய்னு அது எங்கயும் சொல்லல.

மூணாவது மாத்திரை

உங்க கடிதத்துல என்னை ரொம்ப உலுக்கின இடம் இதுதான், மன்னிச்சிடுங்க, இதைப் பத்தி கொஞ்சம் நீளமா பேசறேன். இந்த மாத்திரையால தொந்தரவு வர்றவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு முதல் மூணு டோஸுக்குள்ளயே தெரிஞ்சிடும். பயணத்துக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்றதுக்கு ஒரு காரணமே அதுதான், ஊர்ல இருக்கும்போதே ஒத்துக்குதா இல்லையான்னு பார்த்து மாத்திக்கலாம்னு. பதட்டம், டிப்ரெஷன், அமைதி இல்லாம தவிக்கறது, குழப்பம் இதுல ஏதாவது ஒண்ணு வந்தாலே அதை இன்னும் பெருசா ஏதோ வரப்போறதோட முன்னறிவிப்பா எடுத்துக்கிட்டு மாத்திரையை நிறுத்தி வேற மருந்துக்கு மாறணும், இது அந்த மருந்தோட குறிப்புலேயே இருக்கற விதி. உங்களுக்கு கெட்ட கனவு முதல் மாத்திரையிலேயே வந்துது, பயம் மூணாவதுல வந்துது. சமீபத்துல டிப்ரெஷன், பதட்ட நோய், சைகோசிஸ் (நிஜத்தோட தொடர்பு விட்டுப்போற மனநோய்) இருந்தவங்களுக்கும், எப்பவாவது வலிப்பு வந்தவங்களுக்கும் தடுப்பு மருந்தா இதை எழுதவே கூடாதுன்னும் அதே குறிப்புல இருக்கு, நீங்க ரெண்டு வருஷம் முன்னாடி டிப்ரெஷனுக்கு மருந்து சாப்பிட்டவர். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

கேம்ப் நர்ஸ் மேல எனக்கு கோபம்தான், ஆனா ஏன் அப்படி சொன்னாங்கன்னும் புரியுது. மூணாவது டோஸும் நீங்க புது நாட்டுல இறங்கின நாளும் ஒண்ணா வந்துடுச்சு, புது இடத்துல பயமா இருக்குன்னு ஒருத்தர் சொன்னா யாரும் அந்த இடத்தைத்தான் குத்தம் சொல்வாங்க. இந்த மருந்தால பாதிக்கப்பட்ட நிறைய பேரோட கதை இப்படித்தான் தவறிப்போகுது. நீங்க "நான் கோழைன்னு நினைச்சு பல்லைக் கடிச்சுட்டு சாப்பிட்டேன்"னு எழுதியிருக்கீங்க. உங்க மேல தப்பே இல்ல தம்பி, சொல்ல வேண்டியவங்க கிட்ட நீங்க சொன்னீங்க.

டீடாக்ஸ் வேண்டாம், இதை பண்ணுங்க

மூணு வாரத்துக்கு பாதின்னு குறைஞ்சா எட்டு மாசத்துல பதினோரு தடவைக்கு மேல பாதியாகியிருக்கும், கணக்கு போட்டா ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கீழ. ரொம்ப மெதுவா வெளியேறற உடம்பா இருந்தாலும் இப்ப மிச்சம் ஒண்ணும் பெருசா இருக்காது. வெளியேத்த எதுவும் இல்லாதப்ப சொட்டு மருந்து ஏத்தறேன், கழிவு நீக்கறேன்னு யாராவது சொன்னா காசைக் கொடுக்காதீங்க. இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு கிடையாது.

முதல்ல வேற காரணம் இல்லன்னு உறுதி பண்ணணும். வைட்டமின் பி12 குறைஞ்சாலும் கண்ணை மூடினா இப்படியே சாய்வாங்க, அது மருந்து கொடுத்து சரி பண்ணக்கூடியது, அதனால பி12, தைராய்டு, சர்க்கரை, சிஃபிலிஸ், எச்ஐவி ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்திடுங்க, கூச்சப்பட வேண்டாம். அங்க இருந்தப்ப காய்ச்சல் வந்திருந்தா அதையும் டாக்டர் கிட்ட சொல்லுங்க. ஒற்றைத் தலைவலியோட சேர்ந்த தலை சுத்தலும், உள்காதுல கல் நகர்ந்து வர்ற தலை சுத்தலும் தனி, அதுக்கு தனி வைத்தியம் இருக்கு.

அடுத்தது பேலன்ஸ் டெஸ்ட். காது மூக்கு தொண்டை டாக்டர் இல்லன்னா நரம்பியல் டாக்டர் மூலமா உள்காது பேலன்ஸை பார்க்கற வெஸ்டிபுலர் டெஸ்ட்டும் காது கேக்கறதை அளக்கற ஆடியோகிராமும் எடுங்க, எம்ஆர்ஐல தெரியாதது பல தடவை இதுல தெரியும், கையில ஒரு பேப்பரும் இருக்கும். அப்புறம் பேலன்ஸ் பயிற்சி தெரிஞ்ச பிசியோதெரபிஸ்ட். தலையை ஆட்டிக்கிட்டே ஒரு எழுத்தை உத்துப் பார்க்கறது, பஞ்சு மெத்தை மேல நிக்கறது, அப்புறம் பக்கத்துல ஆள் வெச்சுக்கிட்டு கண்ணை மூடி நிக்கறதுன்னு படிப்படியா போவாங்க. முதல் வாரங்கள்ல தலை சுத்தல் கொஞ்சம் கூடும், பயந்து விட்டுடாதீங்க, மூளை புது வழியை கத்துக்கறதே அந்த சுத்தல் வழியாத்தான்.

இப்ப தினமும் தலை சுத்தலுக்கு சின்னாரிசின் மாத்திரை சாப்பிடறேன்னு எழுதியிருந்தீங்க, அதை எழுதின டாக்டர் கிட்ட நிறுத்தறது பத்தி கேளுங்க. இந்த மாதிரி மாத்திரைங்க சில நாளைக்கு சரி, மாசக்கணக்கா போட்டா மூளை ஈடு கட்டறதையே தாமதப்படுத்தும், சின்னாரிசின் சிலருக்கு நடுக்கம் கூட கொண்டுவரும். மதுவும் வேண்டாம். குளியலறையில ஒரு கைப்பிடியும் ஒரு ஸ்டூலும் இன்னைக்கே போடுங்க, உட்கார்ந்து தலைக்கு குளிங்க.

மனநல டாக்டர் கிட்ட போனா "அப்ப எல்லாம் மனசுதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்"னு தயங்கறீங்க. ஆகாது. மூளைக்கு ஒரு மருந்தால அடி பட்டா அது பேலன்ஸாவும் வெளிய வரும், பயமாவும் வெளிய வரும், ரெண்டையும் வைத்தியம் பார்க்கணும். தூக்கம் திரும்பினாலே தலை சுத்தலை தாங்கற சக்தி கூடும்.

திரும்ப போறது பத்தி

மாத்திரை இல்லாம போகாதீங்க. மலேரியாவுலயே ஆபத்தான வகையான ஃபால்சிபேரம் மலேரியா, சரியான நேரத்துல பார்க்கலன்னா சில நாள்லயே உயிரை எடுக்கும், மூளையை தாக்கினா இப்ப நீங்க படற கஷ்டத்தை விட பல மடங்கு சேதம் அது பண்ணும். மெஃப்ளோகுயினைத்தான் இனி தொடவே கூடாது, மலேரியா தடுப்பை விடக் கூடாது. போற இடத்துல எது வேலை செய்யுமோ அதைப் பொறுத்து ரெண்டு வழி இருக்கு. அடோவாகுவோன்-ப்ரோகுவானில் தினம் ஒண்ணு, ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு திரும்பி வந்து 7 நாள் வரைக்கும், சாப்பாட்டோட போடணும். இல்லன்னா டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் தினமும், திரும்பி வந்து 4 வாரம் வரைக்கும், வெயில்ல தோல் எரியலாம், நிறைய தண்ணியோட போட்டுட்டு உடனே படுக்கக் கூடாது. 2001ல வந்த ஒரு ஒப்பீட்டு ஆய்வுல மெஃப்ளோகுயின் எடுத்தவங்கள்ல 29 சதவீதம் பேருக்கு நரம்பு, மனசு சம்பந்தப்பட்ட பக்கவிளைவு வந்துது, அடோவாகுவோன்-ப்ரோகுவானில்ல அது 14 சதவீதம். டஃபெனோகுயின்னு ஒண்ணை யாராவது சொன்னா உங்க விஷயத்துல நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

அதுக்கும் முன்னாடி, பேலன்ஸ் டெஸ்ட் முடிவு வர்ற வரைக்கும் உயரத்துல ஏறற வேலை, கனரக வண்டி ஓட்டற வேலைக்கு ஒத்துக்காதீங்க. நாலு மாசம் போதலன்னா பயணத்தை தள்ளி வெக்கச் சொல்லி டாக்டர் லெட்டர் வாங்குங்க.

பர்ஸ்ல ஒரு சீட்டு வெச்சுக்கோங்க: மெஃப்ளோகுயினால நரம்பு பாதிப்பு, திரும்ப கொடுக்கக் கூடாது, குளோரோகுயின், குயினைன் போன்றவை வேற வழி இருந்தா தவிர்க்கவும். மலேரியாவே வந்துட்டா ஆர்டிமிசினின் வகை மருந்துங்க இருக்கு, ஆனா அதோட மெஃப்ளோகுயின் சேர்த்த கூட்டு மாத்திரையும் உண்டு, அதனால பேரைப் படிச்சுட்டு வாங்குங்க. உயிர் போற நிலைமையில குயினைன் மட்டும்தான் கைவசம் இருக்குன்னா வாங்கிக்கோங்க, அப்ப உயிர்தான் முக்கியம்.

கம்பெனி மேல கேஸ் போடலாமாங்கறதை வக்கீல்தான் சொல்லணும், ஆனா எந்த வக்கீலும் முதல்ல கேக்கப்போறது பேப்பரைத்தான். மருந்துச் சீட்டு, மிச்சம் இருக்கற அட்டை, கேம்ப் பதிவேட்டோட நகல், எந்த தேதியில என்ன ஆச்சுன்னு நினைவுல இருந்து எழுதின ஒரு பக்கம், எல்லாத்தையும் இப்பவே சேர்த்து வைங்க. மருந்து பக்கவிளைவுன்னு அரசு அமைப்புக்கு புகார் பதிவு பண்ணச் சொல்லி உங்க டாக்டர் கிட்ட கேளுங்க, நீங்களே கூட அனுப்பலாம். 2013 எச்சரிக்கைக்கு உங்கள மாதிரி ஆளுங்க அனுப்பின புகாருங்களும் காரணம்.

அம்மாவோட மாத்திரை

தயவு செஞ்சு நிறுத்தச் சொல்லாதீங்க. ஹைட்ராக்சிகுளோரோகுயின் தூரத்து சொந்தம்தான், ஆனா வேற மருந்து, மூட்டு வாதத்துல அதை திடீர்னு நிறுத்தினா நோய் சீறிக் கிளம்பலாம். அதுக்குன்னு ஒரு நரம்புக் கவலை உண்டு, அது கண்ணுக்குள்ள விழித்திரையில, விழித்திரையும் நரம்புத் திசுதானே. ஒரு நாளைக்கு உடம்பு எடை ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல போகாம இருக்கான்னு அவங்க டாக்டர் கிட்ட பாருங்க, ஆரம்பத்துல ஒரு தடவை கண் பரிசோதனை, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம். சிறுநீரகக் கோளாறு இருந்தா இன்னும் சீக்கிரமே ஆரம்பிக்கணும். அம்மா எத்தனை வருஷமா சாப்பிடறாங்க, எடை எவ்வளவுன்னு நீங்க எழுதல.

பேலன்ஸ் பயிற்சி ஆரம்பிச்சு ஆறு வாரம் கழிச்சு எனக்கு மறுபடி எழுதுங்க, டெஸ்ட் ரிசல்ட்டும் அம்மா விவரமும் சேர்த்து. மனநல டாக்டரை பார்த்தாச்சுங்கற சேதியை மட்டும் ஆறு வாரம் வெச்சுக்காம இந்த வாரமே ஒரு வரியில அனுப்பிடுங்க.